ஊர்ப் புறம்போக்கை அரசுக் கட்டடத்துக்கு ஒதுக்கி வைக்க முடியுமா?

கேள்வி இதுதான். ஒரு கிராம ஊராட்சியில் பள்ளிக்கூடத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் போல இடம் சும்மா கிடக்கிறது. ஊரின் துணை சுகாதார நிலையம் வாடகை வீட்டில் ஓடுகிறது. சொந்தக் கட்டடத்துக்கு என்றைக்காவது பணம் வரும், அதுவரை அந்த இடத்தை அரசுக் கட்டடத்துக்கென்று ஒதுக்கி வைக்க வழி உண்டா? கிராம சபையில் தீர்மானம் போட்டாயிற்று, 'அரசு நிலம்' என்று பலகையும் நட்டாயிற்று. இருந்தும் ஒருவர் ஒரு பக்கமாக முள்வேலி போட்டுவிட்டார்.

வழி உண்டு. ஆனால் இதுவரை நீங்கள் செய்த இரண்டுமே நிலத்தை ஒதுக்காது. தீர்மானம் ஊரின் விருப்பத்தைச் சொல்கிறது, பலகை வழிப்போக்கருக்குச் சொல்கிறது. நிலம் ஒதுக்கப்பட்டதா இல்லையா என்பது வட்டாட்சியர் அலுவலகத்துப் பதிவேடுகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வருவாய்த் துறையில் நீண்ட காலம் இந்தக் கோப்புகளோடே புழங்கியவன் என்பதால், எது எந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறை மட்டும்தான் இது.

முதலில் அந்த இடம் என்ன வகை என்று பாருங்கள். 'காலியாகக் கிடக்கிறது' என்பது கண்ணுக்குத் தெரிவது. 'ஒதுக்கலாம்' என்பது அ-பதிவேட்டில், அதாவது ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதி வைத்திருக்கும் கிராமக் கணக்கில், தெரிவது. புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்திலேயே அ-பதிவேட்டு விவரத்தை எடுத்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும், அடங்கல் என்னும் சாகுபடிக் கணக்கும் பார்க்கலாம். அங்கே 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்றோ 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றோ இருந்தால் (தீர்வை என்பது நில வரி) உங்களுக்கு நல்ல காலம். அரசுக் கட்டடத்துக்கு அதைவிடச் சுலபமான நிலம் கிடையாது. வெறுமனே 'புறம்போக்கு' என்று இருந்து, எதற்கான புறம்போக்கு என்று எழுதாமல் விட்டிருந்தாலும் பெரிய சிக்கல் வராது.

மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம், என்று இருந்தால் கதை வேறு. மேய்க்கால், களம், சுடுகாடு இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி ஊராட்சியின் வசம் இருப்பவை. ஆகவே ஊராட்சியின் இசைவு இங்கே சடங்கு இல்லை, தேவை. நீங்கள் போட்ட தீர்மானம் உண்மையிலேயே வேலை செய்வது இந்த வகை நிலத்தில்தான். அதோடு மேய்க்காலை எடுத்தால் அதற்கு ஈடாக வேறு நிலத்தை மேய்ச்சலுக்கு ஒதுக்கச் சொல்வார்கள், கால்நடைத் துறையின் கருத்தையும் கேட்பார்கள். 'இப்போது யார் மாடு மேய்க்கிறார்கள்' என்று ஊரில் சிலர் கேட்பார்கள். ஆடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு ஒட்டிய பிறகு வருவார்கள். முன்னாடியே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது.

ஏரி, குளம், ஊருணி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். எத்தனை வருடமாகத் தண்ணீர் நிற்கவில்லை என்று சொன்னாலும் எடுபடாது. அரசே ஒரு காலத்தில் இதைத் தாராளமாகச் செய்தது என்பது உண்மைதான். 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் உருவானது. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இல் வந்து அமர்ந்த உலகனேரியும் பெயரிலேயே ஏரியை வைத்திருக்கிற கண்மாய்தான். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் பல அந்தக் கட்டடத்துக்குள்ளேயே விசாரிக்கப்படுவதை வக்கீல்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அந்த உதாரணங்களைக் காட்டி இன்று ஒரு கோப்பும் நகராது. 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலைகளைக் கணக்கெடுத்து ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது, 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. இன்றைக்கு ஓடைப் புறம்போக்கில் சுகாதார நிலையம் கட்ட எந்த வட்டாட்சியரும் பரிந்துரை எழுத மாட்டார், எழுதினால் அவருக்குத்தான் ஆபத்து.

நத்தம் குழப்பமானது. அது குடியிருப்புக்கான நிலம். ஒருவர் வீடு கட்டிக் குடியிருக்கும் நத்தத்தை அரசு தன் நிலம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. யாரும் அனுபவிக்காத காலி நத்தம் என்றால் முயலலாம். அதுவும் வீட்டுமனை கேட்டுக் காத்திருக்கும் ஏழைக் குடும்பங்கள் ஊரில் இருந்தால் முதல் உரிமை அவர்களுடையது என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று கோயில் நிலம். இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிப்பதால் அதையும் அரசு நிலம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அதிகாரிகளே கூட. நிலம் சாமியின் பெயரில் இருக்கிறது, துறை மேற்பார்வை பார்க்கிறது, அவ்வளவுதான். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி விற்பனைக்கும், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் கோயிலுக்கு அதனால் நன்மை என்று காட்டி ஆணையரின் அனுமதி வாங்க வேண்டும். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானபோது ஆட்சியர் வளாகத்துக்கு வீரசோழபுரம் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கே இந்த நிலை என்றால் துணை சுகாதார நிலையத்துக்குச் சொல்லவே வேண்டாம். மற்றொன்று பஞ்சமி நிலம். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. பழைய பதிவில் அந்தக் குறிப்பு இருந்தால் அதை 'காலி இடம்' என்று யாரும் பேசவே கூடாது.

இங்கே ஒரு வேலையைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். இப்போதைய அ-பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில்தான் இன்றைய பதிவுகள் உருவாயின. அவசரத்தில் பல இடங்களில் புறம்போக்கு பட்டாவாகவும் பட்டா புறம்போக்காகவும் ஏறியிருக்கிறது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டை, வழக்கில் அடிபடுகிற பெயரில் சொன்னால் எஸ்.எல்.ஆரை, மாவட்ட ஆவணக் காப்பறையில் நகல் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் ஒரே வகைப்பாடு என்றால் நிம்மதி. இல்லையென்றால் கட்டடம் பாதி எழும்பும் நேரத்தில் எவராவது பழைய பத்திரத்தோடு வந்து நிற்பார்.

சரி, நிலம் தரிசு என்றே வைத்துக்கொள்வோம். பணம் வராத நிலையில் எப்படிப் பிடித்து வைப்பது? இதற்குத்தான் தடையாணைப் புத்தகம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பராமரிக்கப்படும் பழைய பதிவேடு அது. பொதுத் தேவைக்கு வேண்டியிருக்கும், ஆகவே யாருக்கும் ஒப்படை செய்யக் கூடாது, அதாவது தனியாருக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று முடிவான புல எண்களை அதில் ஏற்றி வைப்பார்கள். வருவாய்த் துறையின் விதித்தொகுப்பான வருவாய் நிலையாணைகளில் 15-இன்படி விவசாயத்துக்கோ, 21-இன்படி வீட்டுமனைக்கோ யாராவது அந்த நிலத்தைக் கேட்டு மனுக் கொடுத்தால், கோப்பு எழுதுகிறவர் முதலில் இந்தப் புத்தகத்தைப் பார்த்து 'தடையாணையில் உள்ளது' என்று குறித்துவிடுவார். அந்த மனு அதோடு நின்றுவிடும். ஒதுக்கீடு என்று நீங்கள் கேட்பதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு இதுதான். புகழ் இல்லாத பதிவேடு, இதைக் கேட்டு மனு எழுதுகிறவர்களும் ரொம்பக் குறைவு.

இதற்கு மனு ஆட்சியருக்குப் போகட்டும், நகல் கோட்டாட்சியருக்கும் வட்டாட்சியருக்கும். புல எண், பரப்பு, வகைப்பாடு, தேவைப்படும் கட்டடம், கிராம சபைத் தீர்மான எண்ணும் நாளும், இவை போதும். 'ஊர் நலனுக்காக' என்று மூன்று பக்கம் எழுத வேண்டாம். ஒரு விஷயம் முக்கியம்: பொதுவாக 'அரசுக் கட்டடத்துக்கு' என்று கேட்காதீர்கள். 'துணை சுகாதார நிலையத்துக்கு 20 சென்ட்' என்று கேளுங்கள். பொத்தாம் பொதுவாக ஏற்றிய நிலத்தை அடுத்து வருகிற எந்தத் துறையும் கேட்கும். நீங்கள் மருத்துவமனைக்குப் பாதுகாத்த இடத்தில் சேமிப்புக் கிடங்கு வந்து நின்றால் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தடையாணைப் புத்தகம் நிலத்தை வெளியாருக்குப் போகாமல் நிறுத்துமே தவிர, சுகாதாரத் துறைக்குக் கொடுத்துவிடாது. அதற்குப் பெயர் நில மாற்றம், வருவாய் நிலையாணை 23-இல் வருவது. மாநில அரசின் ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறைக்கு நிலம் போவது இது. மைய அரசுத் துறைக்கோ வாரியத்துக்கோ நிறுவனத்துக்கோ போனால் அது 24-இன்கீழ் நில உரிமை மாற்றம், பொதுவாகச் சந்தை மதிப்பு கட்ட வேண்டும். அதனால்தான் ஊரில் தபால் நிலையத்துக்கு இடம் கேட்டால் இழுக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கேட்டால் அவ்வளவு இழுப்பதில்லை.

நில மாற்றத்தைக் கேட்க வேண்டியது துறை. ஊராட்சித் தலைவரோ ஊர்ப் பெரியவர்களோ கேட்டால் ஆட்சியர் அலுவலகம் அதைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பி 'தேவையா' என்று கேட்கும், அங்கே அது எந்த மேசையில் தூங்கும் என்று சொல்ல முடியாது. மாறாக, வட்டார மருத்துவ அலுவலர் வழியாக மாவட்ட சுகாதார அலுவலரிடமிருந்து கோரிக்கைக் கடிதம் ஆட்சியருக்குப் போனால் கோப்பு முறையாகப் பிறக்கும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. உங்கள் நிலையம் ஏற்கெனவே ஒப்பளிக்கப்பட்டு வாடகையில் ஓடுவதால் தேவையை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வாடகைச் சீட்டு நகல் ஒன்றே பேசிவிடும்.

அதற்கப்புறம் கோப்பு ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கிக் கிராம நிர்வாக அலுவலரிடம் வரும். நில அளவர் வந்து அளந்து வரைபடம் போடுவார். ஆட்சேபணை கேட்டு ஏ-1 அறிவிப்பு ஒட்டுவார்கள், ஊரில் அறிவிப்பார்கள். முன்பெல்லாம் தண்டோரா. 2022-இல் அந்த முறையை நிறுத்தும்படி தலைமைச் செயலர் எழுதிய பிறகு ஒலிபெருக்கி வண்டி. நாள் முடிந்தபின் ஆட்சேபணை இல்லை என்ற அறிக்கையோடு அதே படிகளில் கோப்பு மேலே ஏறும். ஆட்சியரே ஆணையிட முடிகிற அளவா, சென்னைக்கு நில நிர்வாக ஆணையர் வழியாக அரசுக்குப் போக வேண்டியதா என்பது நிலத்தின் மதிப்பையும் வகையையும் பொறுத்தது. 20 சென்ட் தரிசு என்றால் மாவட்டத்திலேயே முடியும் என்று எதிர்பார்க்கலாம்.

கோப்பு நின்றுபோவது பெரும்பாலும் அளவையில்தான். ஆணை வருவதற்குள் நிதி ஒதுக்கீடு வந்துவிட்டால் முன்நுழைவு அனுமதி கேட்கலாம். இறுதி ஆணைக்குக் காத்திருக்காமல் நிலத்தில் இறங்கி வேலை தொடங்க ஆட்சியர் கொடுக்கும் அனுமதி அது. இது இல்லாததால்தான் பல ஊர்களில் 'இடம் தயாராக இல்லை' என்ற ஒரு வரியில் கட்டடம் பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறது. நிதியாண்டு முடியப் போகும் ஜனவரி, பிப்ரவரியில் பொறியாளருக்கு வேண்டியது இடம் தயாராக உள்ள ஊர். அந்த நேரத்தில் கையில் வரைபடமும் முன்நுழைவு அனுமதியும் வைத்திருக்கிற ஊருக்குப் பக்கத்து ஊரின் கட்டடமே வந்து சேர்வதும் உண்டு.

இனி முள்வேலி. அது இருக்கும்வரை 'ஆக்கிரமிப்பு உள்ளது' என்று வருவாய் ஆய்வாளர் எழுதியாக வேண்டும், எழுதினால் நில மாற்றம் நிற்கும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் இதற்கான கருவி. கிராம நிர்வாக அலுவலர் பி-மெமோ என்னும் ஆக்கிரமிப்புக் குறிப்பாணை போடுவார், வட்டாட்சியர் 7-ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்புக் கொடுப்பார், பிறகு 6-ஆவது பிரிவில் வெளியேற்ற உத்தரவு. எண் தலைகீழாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், 7 முதலில், 6 பிறகு. அறிவிப்புக் கொடுக்காமல் ஊரார் சேர்ந்து வேலியைப் பிடுங்கிப் போட்டால் அவர் நேரே உரிமையியல் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிடுவார், அப்புறம் உங்கள் துணை சுகாதார நிலையம் வழக்கு முடியும்வரை வாடகை வீட்டிலேயே இருக்கும். முறைப்படி போனால் தாமதம் ஆனாலும் உத்தரவு நிற்கும்.

பி-மெமோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆக்கிரமித்தவர்கள் சிலர் அதை அனுபவத்துக்கு ஆதாரமாக வருடாவருடம் ஆசையாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். அரசுக்கு எதிராக அனுபவ உரிமை கேட்க 30 ஆண்டு தொடர்ந்த அனுபவம் வேண்டும். தனியாருக்கு எதிராக என்றால் 12. நேற்றுப் போட்ட வேலிக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் இப்போதே நடவடிக்கை எடுங்கள் என்கிறேன்.

உச்ச நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பு ஒன்று, ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கு, இங்கே உதவும். பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்கள் பற்றியது. ஊர்ப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று அதில் உத்தரவிட்டார்கள். விதிவிலக்காகச் சொன்னவற்றில் நிலமற்ற தொழிலாளர்கள், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்கு அரசு முறையாகக் குத்தகைக்குக் கொடுத்த இடமும், ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ பொதுப் பயன்பாட்டுக் கட்டடமோ நிற்கும் இடமும் வருகின்றன. வேலி போட்டவர் உண்மையிலேயே வேறு போக்கில்லாதவராக இருந்தால் அவருக்கு வேறு இடத்தில் மனை பார்த்துக் கொடுக்கச் சொல்லி அதே மனுவில் கேட்பதுதான் சரி. அவர் ஊரில் பத்து ஏக்கர் வைத்திருப்பவர் என்றால் அந்தக் கவலை வேண்டாம்.

புறம்போக்கு சரிப்படாமல் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். பள்ளி வளாகத்தில் ஒரு மூலை கேட்கலாம் என்று ஊரில் பேச்சு வரும். அது கல்வித் துறை நிலம், அவர்கள் இசைவு இல்லாமல் தொட முடியாது. தொடவும் கூடாது என்பேன். 2003-இல் சென்னை ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. பிறகு ஓமந்தூரார் வளாகத்தில் கட்டி, 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த தலைமைச் செயலகம், ஆட்சி மாறியதும் கோட்டைக்கே திரும்பியது. அந்தக் கட்டடம் 2014-இல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. இவ்வளவு நடந்தும் மாநில அரசு இன்னும் உட்கார்ந்திருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை, பாதுகாப்பு அமைச்சகத்தின் இடம்.

புதிய மனைப் பிரிவு பக்கத்தில் இருந்தால் அதில் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த திறந்தவெளி இருக்கும். அதன் மேல் ஊராட்சி அலுவலகம், நூலகம் என்று கட்டிவிடும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு. பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் என்று வரைபடத்தில் காட்டிய நிலம் அது, கட்டினால் வழக்கில் நிற்காது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் ரத்து செய்தது. மருத்துவமனை நல்ல காரியம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

தானம் இன்னொரு வழி. மதுரை பக்கம் கொடிக்குளத்தில் ஒரு அம்மா தம் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்ததை 2024-இல் நாடே பேசியது. உங்கள் ஊரில் அப்படி யாராவது முன்வந்தால், பத்திரம் எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று அந்தத் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் பெயரில் எழுதி, பிறகு அதைத் திருத்த அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் எடுப்பது என்பது 20 சென்ட் கட்டடத்துக்குப் பொருந்தாத பெரிய வேலை, அதை விட்டுவிடலாம்.

கடைசியாக, ஆணை வந்துவிட்டது என்று மாலை போட்டுக் கொண்டாடிவிட்டுப் போய்விடாதீர்கள். ஆணைப்படி உட்பிரிவு செய்து, புலப்படத்தில் கோடு ஏறி, அ-பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்கு நேரே 'துணை சுகாதார நிலையம்' என்று எழுதி, கணினியிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணை ஒரு கோப்பிலும் பதிவேடு பழைய மாதிரியும் கிடந்தால், பத்து வருடம் கழித்து வரும் கிராம நிர்வாக அலுவலருக்கு அது மறுபடியும் காலித் தரிசுதான். திருத்திய அ-பதிவேட்டு நகலில் வட்டாட்சியரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி, ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றைக் கிராம செவிலியரிடமும் கொடுத்துவையுங்கள்.